கொலுசுப் படங்களை மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்: நீண்ட நாள் அனுபவம்

அம்மாப்பேட்டைச் சேலைக் கடை ஒன்றுக்கு ஜாவாவில் வெப்சைட் எழுதும் நண்பர் கேட்டார்: "படத்தை டேட்டாபேஸ்லயே போட்டுடலாங்களா, இல்ல ஃபோல்டர்ல வெச்சுட்டு ஃபைல் பேரை மட்டும் சேமிக்கட்டுங்களா?" செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த அப்ளிகேஷன் பல வருடமாக முதல் வழியில்தான், படங்களை மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்து, ஓடுகிறது.

படம் ஏற்றுவதில் தொல்லையே இல்லை. ஜாவாவில் வெப் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட்டில், 3.0-லிருந்தே மல்டிபார்ட் (ஃபார்மோடு ஃபைலையும் வாங்கும் வசதி) கைவசம் இருக்கிறது. வந்த படத்தின் ஸ்ட்ரீமை (பைட் ஓட்டத்தை), டேட்டாபேஸில் எழுத உதவும் ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட்டின் செட்பைனரிஸ்ட்ரீம் மெத்தடிடம் கொடுத்தால் முடிந்தது. டேபிளில் படத்துக்கான ஃபீல்டின் வகையை மட்டும் மீடியம்பிளாப் என்று வையுங்கள். 16 எம்பி வரை தாங்கும். வெறும் பிளாப் 65,535 பைட்டோடு நின்றுவிடும், போனில் எடுத்த படத்துக்குப் போதாது.

ஆர்டரும் படமும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போவதுதான் இதில் பெரிய நிம்மதி. ஒன்று தவறினால் இரண்டுமே பதிவாகாது. பட்டறையின் ஹார்ட் டிஸ்க் போனபோது, முந்தைய இரவின் டம்ப் ஃபைலை (டேட்டாபேஸின் முழு நகலை) ஏற்றினேன். எடை, சலங்கை எண்ணிக்கை, டிசைன் படம் எல்லாம் அந்தந்த ஆர்டரோடு அப்படியே வந்து நின்றன. படம் இல்லாத ஆர்டர் சீட்டை வைத்துக்கொண்டு பட்டறையில் எதைச் செய்வது?

ஆனால் அதே டம்ப்தான் என் பொறுமையையும் சோதிக்கிறது. வருடக்கணக்கில் மாறாத கொலுசுப் படத்தையும் அந்த நகலை எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் ஒவ்வொரு இரவும் முதலிலிருந்து எழுதுகிறது. படம் கெடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று ஹெக்ஸ்பிளாப் ஆப்ஷன் போட்டால் ஒரு பைட்டுக்கு இரண்டு எழுத்து. 2 எம்பி படம் 4 எம்பி ஆகிறது. ஃபோல்டராக இருந்தால், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் புதுப் படங்களை மட்டும் எடுத்துப் போயிருக்கும். சரி, பழைய டிசைன்களை அழிக்கலாம் என்றால், அழித்தாலும், மைஎஸ்க்யூஎல் டேட்டாவைச் சேமிக்கும் இன்னோடிபி ஃபைல் சுருங்காது. ஆப்டிமைஸ் டேபிள் என்ற கமாண்டை ஓட்ட வேண்டும். அது டேபிளைப் புதிதாகக் கட்டும், அதற்கும் டிஸ்க்கில் காலி இடம் வேண்டும். இடம் இல்லை என்றுதானே அழிக்கிறோம்! போன வாரமும் இதே வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: "ஃபோல்டர்லயே வெச்சுடுங்க." சேலைப் படம் சீசன் முடிந்தால் போய்விடும், ஒன்றிரண்டு தொலைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பட்டறை அப்ளிகேஷனை மட்டும் மாற்ற மாட்டேன். பெரிய டிஸ்க் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.