வைத்த பிறகும் விடாத லைன்: எங்கள் அலுவலகத் தொலைபேசிப் பெட்டியைப் பற்றி

நிலாவெளியில் சுற்றுலா முன்பதிவு அலுவலகம் திறக்கவிருக்கும் நண்பர் ஒருவர், திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில் இருக்கும் அதே ஐ.பி. பி.பி.எக்ஸ். பெட்டியை, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்புகளை அலுவலகத் தொலைபேசிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவியைத், தானும் வாங்கலாமா என்று கேட்டார். வெளி இணைப்புகளுக்கு இரண்டு எஃப்.எக்ஸ்.ஓ. துவாரங்களும் சாதாரணத் தொலைபேசிகளுக்கு இரண்டு எஃப்.எக்ஸ்.எஸ். துவாரங்களும் கொண்ட, அஸ்டரிஸ்க் மென்பொருளில் இயங்கும் சிறிய பெட்டி அது. அதன் வசதிகளை விளம்பரத் தாளிலேயே அவர் வாசித்திருப்பார் என்பதால், நீண்ட பாவனையில் மட்டுமே தெரியவருவதை இங்கே எழுதுகிறேன்.

அழைத்தவர் தொலைபேசியை வைத்த பிறகும் எங்கள் பெட்டி லைனை உடனே விடுவதில்லை. மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் பிஸி டோன் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவார். ஆனால் குரலஞ்சல் பதில் சொல்லும்போது, மறுமுனையில் ஆள் இல்லை என்பதைப் பெட்டி தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையம் அந்த வேளையில் கம்பியின் மின்முனைகளை மாற்றிக் காட்டினால் பெட்டிக்கு உடனே விளங்கிவிடும். எங்கள் இணைப்பில் அது வருவதில்லை. எஞ்சியிருப்பது டோனைக் கேட்டு உணர்வது ஒன்றுதான். காலையில் அலுவலகத்தைத் திறந்தால் இரண்டாம் துவாரத்தின் பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்கும்; குரலஞ்சலில் ஒரு சொல்கூட இல்லாமல், விட்டு விட்டு ஒலிக்கும் டோன் மட்டும் பதிவு எல்லை முடியும்வரை நிறைந்திருக்கும்.

இதைச் சிறிய தொந்தரவு என்று தள்ளிவிட முடியாததற்குக் கணக்கு ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர் வகுத்த அந்த முறையில், எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, மிகவும் நெரிசலான ஒரு மணித்தியாலத்தில் மொத்தம் எத்தனை நிமிடம் பேசப்படுகிறது என்பதே முக்கியம். அந்த நேரத்தில் மூன்று நிமிட அழைப்புகள் இருபது வருகின்றன என்று வைத்துக்கொண்டால், இரண்டு லைன் உள்ள இடத்தில் ஐந்தில் ஒருவருக்கு பிஸி டோன் கிடைக்கும். மூன்று லைன் இருந்தால் பதினாறில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இரண்டில் ஒன்று இப்படி மாட்டிக்கொண்டாலோ, அழைப்பவர்களில் பாதிப்பேருக்கு நாம் கிடைக்கவே மாட்டோம். வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். போனவர் யாரென்பதும் நமக்குத் தெரியவராது.

காரணம் தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுமையாகத் தணியவில்லை. அமெரிக்க அமைப்பிலேயே பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்நாட்டின் பிஸி டோன் 480, 620 ஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு ஒலிகளின் கலவை. குரலஞ்சலில் பதிவாகியிருந்த எங்கள் டோனைக் கணினியில் திறந்து பார்த்தால், அது 425 ஹேர்ட்ஸ் அளவிலான ஒற்றை ஒலியாக இருந்தது. பெட்டி எதிர்பார்த்த ஒலி ஒருநாளும் வரப்போவதில்லை. அதை மாற்றிய பின் பெருமளவு சரியானது. ஆனாலும், டோன் எத்தனை முறை ஒலித்ததும் துண்டிக்க வேண்டும் என்ற எண்ணிக்கையைக் குறைத்தால் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பே சில சமயம் அறுந்துவிடுகிறது; கூட்டினால் லைன் தேவையில்லாமல் பிடித்துவைக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணில் வைத்திருக்கிறேன், மனம் நிறைவடையவில்லை.

நியாயமாகச் சொன்னால், இந்தப் பெட்டியால் கிடைத்த நன்மையும் பெரியது. மேசைத் தொலைபேசிகள் பி.ஓ.இ. சுவிட்சிலிருந்து வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்வதால், சுவிட்சையும் பெட்டியையும் ரவுட்டரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்தோம், மின்வெட்டின்போது அறை இருண்டுவிட்டாலும் தொலைபேசிகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. பழைய செப்புக் கம்பிக்கு 48 வோல்ட் மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே வரும். ஃபைபர் இணைப்பில் அப்படி இல்லை என்பதால், அதன் முனையக் கருவியையும் மறக்காமல் அதே யு.பி.எஸ்.ஸில் சேர்க்க வேண்டும். கடற்காற்றில் எங்கள் பழைய இணைப்புப் பெட்டியின் செம்பு முனைகள் பச்சை பிடித்துவிட்டன. புதிய சுவர்த் துவாரங்களை யன்னலோரத்தில் வைக்காததால் இதுவரை அந்தப் பிரச்சினை இல்லை. பேச்சுத் தெளிவிலும் குறை சொல்ல இடமில்லை: குரலை வலையமைப்பில் அனுப்பும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் வேகம்தான் தேவைப்படுகிறது.

இத்தனை நன்மை இருந்தும், நண்பருக்கு நான் சொன்ன பதில் இதை வாங்க வேண்டாம் என்பதே. நிலாவெளியில் உங்கள் இடத்துக்கு ஃபைபரும், இணைய வழியில் அழைப்புகளைக் கொண்டுவரும் சிப் (SIP) இணைப்பும் கிடைக்குமானால், எஃப்.எக்ஸ்.ஓ. துவாரமே இல்லாத பெட்டியை எடுங்கள். அங்கே அழைப்பவர் வைத்ததும் ‘பை’ என்ற செய்தி நேரடியாக வந்துவிடுவதால், எந்த டோனையும் ஊகிக்க வேண்டியதில்லை. சாதாரண லைன்தான் கிடைக்கும் என்றால் மூன்றாவது இணைப்புக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். மின்முனை மாற்றும் வசதி தரப்படுமா என்று அப்போதே எழுத்தில் கேளுங்கள். பொருத்துபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்து, குரலஞ்சல் எடுத்ததும் ஒன்றும் பேசாமல் துண்டித்துவிட்டு, துவாரத்தின் விளக்கு அணைகிறதா என்று அவரையும் அருகில் நிறுத்திப் பாருங்கள்.