வால்கான்சிக்ளோவிர் 450: நல்ல மாத்திரை, அளவு தப்பாத வரை

சிறுநீரக மாற்று முடிந்து கடலூருக்கோ நெய்வேலிக்கோ வீடு திரும்புகிறவர்களின் மருந்துப் பையில், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ், மைகோபீனோலேட்டோடு பெரும்பாலும் ரோஸ் நிறத்தில் ஒரு நீள மாத்திரையும் இருக்கும். அதுதான் 450 மில்லிகிராம் வால்கான்சிக்ளோவிர். விலை கையைக் கடிக்கும். ஆனாலும் வேலை செய்கிற மாத்திரை.

இது தடுப்பது சிஎம்வி (சைட்டோமெகலோ) வைரஸை. நம் ஊரில் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இது சின்ன வயதிலேயே தொற்றி, உடம்பில் உறங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியதும் விழித்துக்கொள்ளும். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் புகுந்து பெருகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல் ஊதிப்போய், உட்கரு ஆந்தைக் கண் மாதிரி விழித்துக்கொண்டிருக்கும். குடலில் இது நடந்தால் சின்னக் குழாய்களில் ரத்த ஓட்டம் குறைந்து, புண் விழுந்து, பேதியில் ரத்தம் வரும்.

இதே மருந்தின் பழைய வடிவமாக முன்பு இருந்த கான்சிக்ளோவிர் கேப்சூலில் ரத்தத்தில் சேர்ந்தது ஏறக்குறைய 6 சதவீதம்தான். 2001-ல் வந்த இந்த மாத்திரையில் சாப்பாட்டோடு எடுத்தால் சுமார் 60 சதவீதம் சேர்கிறது. வாரக்கணக்கில் டிரிப்ஸுக்காக ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். 'சாப்பாட்டோடு' என்றால் வெறும் காப்பியோடு அல்ல; நாலு இட்லியாவது உள்ளே போக வேண்டும். வாந்தியும் பேதியும் கடுமையாக இருந்தால் மட்டும் ஊசிதான் சரி.

அளவைக் கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு, தீர்மானிக்கிறது. சிகிச்சைக்கு, 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் காலை 2, இரவு 2 மாத்திரை. 40 முதல் 59 வரை காலை 1, இரவு 1. 25 முதல் 39 வரை தினம் 1. 10 முதல் 24 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் 1. தடுப்புக்கு, சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் தினம் ஒரே வேளையில் 2. கிரியாட்டினின் மாறியும் பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

பெரிய குறை, வெள்ளை அணுக்கள் சரிவது. மைகோபீனோலேட்டும் அதையே செய்வதால் இரண்டும் சேரும்போது சரிவு கூடும். ரத்த கவுன்ட் வாரா வாரம் பார்ப்பது நல்லது. கவுன்ட் இறங்கிவிட்டது என்று வீட்டிலேயே பாதி டோஸாகக் குறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மருந்து அரைகுறையாக இருக்கும்போதுதான் வைரஸ் அதை எதிர்க்கப் பழகுகிறது. பிறகு இந்த மாத்திரையே பலிக்காது. எந்த மருந்தைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை மாற்று சிகிச்சை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரையை உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. தூள் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கருவைப் பாதிக்கிற மருந்து என்பதால், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சாப்பிடும் ஆண்கள், நிறுத்திய பிறகும் 90 நாள் கருத்தடை காக்க வேண்டும்.

எல்லா மருந்துக்கடையிலும் தயாராக இருக்கிற சரக்கு இல்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிற அன்றே, அது இருக்கிற கோரிமேட்டுப் பக்கம் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கிவைப்பது உத்தமம். கடைசி மாத்திரை வரை காத்திருந்தால் இடையில் நாலு நாள் விட்டுப்போகும்.

மருந்து பலிக்கிறதா என்று காட்டுவது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் சிஎம்வி பிசிஆர் சோதனை. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் சோதனையே கெடும். ஒருமுறை பிளாஸ்மாவிலும் (அணுக்கள் நீக்கிய ரத்தத் திரவம்) அடுத்த முறை முழு ரத்தத்திலும் பார்த்த எண்களை ஒப்பிட முடியாது. அதனால் ஒரே லேப், ஒரே வகை மாதிரி. மூன்று மடங்குக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் சரியான அளவில் இரண்டு வாரம் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்றால் வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகியிருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். குடலில் மட்டும் நோய் இருந்தால் ரத்தத்தில் வைரஸ் தெரியாமலும் போகலாம். பேதி நிற்காதபோது 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள். குடலில் இருந்து சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.