ஒக்கனாகன் ஏரிக்கரையில் ஒரு வாரம்

கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட நாங்கள் ஐவரும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஒக்கனாகன் பள்ளத்தாக்கில், கெலோனா நகருக்கு அருகே ஒரு பழத்தோட்ட விடுதியில் ஜூலை மாதத்தில் ஒரு வாரம் தங்கினோம். வான்கூவரிலிருந்து காரில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர், களைப்பான பயணம்தான்.

தோட்டத்தில் நாமே செர்ரி பறித்து, எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதே இவ்விடுதியின் பெருஞ்சிறப்பு. மலேசியாவின் கம்பத்து (கிராமத்து) வீட்டில் ரம்புத்தான் பறித்து வளர்ந்த என் அம்மா, மரத்தடியிலேயே நின்று, வெயிலின் சூடு ஆறாத கருஞ்சிவப்புப் பழங்களைத் தின்ற மகிழ்ச்சியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுமார் 135 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி குளிரின் கடுமையைத் தணிப்பதால்தான், அவ்வளவு வடக்கேயும் பீச்சும் ஒயின் திராட்சையும் செழிக்கின்றன. பாண்டோசி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1859இல் அங்கே மிஷன் (சமயப் பணி மையம்) நிறுவிய காலத்திலேயே பழச் சாகுபடி வேரூன்றிவிட்டது.

மது அருந்தாத எங்களுக்குத் திராட்சைத் தோட்டங்களின் நடைபாதையும் ஏரிக் காட்சியுமே போதுமானவையாக இருந்தன. காலை உணவில் மட்டும் சைவர்களுக்கு ரொட்டியும் பழமும் தவிர வேறொன்றும் இல்லாதது பெருங்குறை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தும் அவர்கள் கவனிக்கவில்லை. ஆகஸ்ட்டில் காட்டுத்தீப் புகை சூழக்கூடும் என்பதால், செர்ரிக்காகச் செல்வோர் ஜூலையையே தேர்ந்தெடுக்கலாம்.