லிங்க்கைத் தட்டி வருகிறார்கள், வாங்காமல் போகிறார்கள்: எந்த வைத்தியம் பலிக்கும்?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கும். கார் ஓட்டுநர் நாலு பேரை அழைத்து வருவார். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றுவதைப் பார்த்து "அடடா" என்பார்கள், வீடியோ எடுப்பார்கள், வண்டி ஏறிவிடுவார்கள். பட்டறைக்காரர் அதற்காக ஓட்டுநரைக் கோபித்துக்கொள்வதில்லை. வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். அதே ஓட்டுநர், வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை அழைத்து வந்தால் கதை வேறு.

அஃபிலியேட் மார்க்கெட்டிங்கும் கிட்டத்தட்ட இந்த ஏற்பாடுதான். நம் பொருளை ஒருவர் தன் வீடியோவில் காட்டுகிறார், அவர் கொடுத்த லிங்க் வழியாக விற்றால் அவருக்குக் கமிஷன். காரைக்குடியில் என் அண்ணி வீட்டிலிருந்தே கண்டாங்கி சேலை விற்கிறார். இணையக் கடையைப் பார்த்துக்கொள்வது நான். "ஊரே வந்து பார்த்துட்டுப் போகுது, வாங்கத்தான் ஆளக் காணோம் தம்பி" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கைவசம் இருந்த வழிகளை இரண்டிரண்டாக எதிரே வைத்துப் பார்த்தேன்.

சேலைப் பக்கமா, தனி நுழைவுப் பக்கமா?

முதலில் நாங்கள் எல்லா லிங்க்கையும் முகப்புப் பக்கத்துக்குத்தான் விட்டிருந்தோம். அது தப்பு. மஞ்சள் உடலில் அரக்குக் கரை போட்ட சேலையை வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர் முன்னால் அறுபது சேலையைப் பரப்பினால், அவர் தேடமாட்டார், போய்விடுவார். சேலைக்கடையில் "அந்த மஞ்சள் எடுங்க" என்று கேட்பவரிடம் அதைத்தானே எடுத்துப் போடுவோம்?

வீடியோ ஒரே சேலையைப் பற்றியது என்றால் நேராக அந்தச் சேலையின் பக்கத்துக்கே விடுவது மேல். நடுவில் இன்னொரு பக்கம் வைத்தால் கூடுதலாக ஒரு தட்டல், அங்கேயே கொஞ்சம் பேர் உதிர்வார்கள். ஆனால் வீடியோ பொதுவாக "செட்டிநாட்டுக்குப் போனால் என்ன வாங்கலாம்" என்கிற மாதிரி இருந்தால் நுழைவுப் பக்கம்தான் சரி. வருகிறவருக்குக் கண்டாங்கி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். கட்டமும் கோடும் போட்ட பருத்திச் சேலை, அகலக் கரை, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும் என்று நாலு வரி, ஐந்தாறு சேலை, போதும்.

கூப்பனா, சந்தேகம் தீர்ப்பதா?

விற்பனை மந்தமானால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தள்ளுபடி. எனக்கும் அதுதான் தோன்றியது. கணக்குப் போட்டதும் ஆசை விட்டுப்போனது.

ஒரு சேலை 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 850, கூரியர் 80, பணம் வாங்கித்தரும் நிறுவனத்துக்கு 2 சதவீதம், அஃபிலியேட் கமிஷன் 10 சதவீதம். இதெல்லாம் போக 126 ரூபாய் நிற்கும். இதில் 10 சதவீதக் கூப்பன் கொடுத்தால் விலை 1080 ஆகிறது. மற்ற செலவெல்லாம் போய்க் கையில் நிற்பது சுமார் 20 ரூபாய். பழைய லாபத்தைப் பிடிக்கவே ஆறு மடங்குக்கு மேல் விற்க வேண்டும். எந்தக் கூப்பனும் அவ்வளவு விற்றுத்தராது.

இன்னொரு வம்பும் உண்டு. பணம் கட்டும் பக்கத்தில் காலியாக ஒரு கூப்பன் பெட்டி இருந்தால், வாங்கவே வந்தவர்கூட "நமக்கு மட்டும் கூப்பன் இல்லையா" என்று கூகுளில் தேடப் போவார். ஏதாவது கூப்பன் தளத்தின் லிங்க்கைத் தட்டித் திரும்பி வருவார். கடைசியாகத் தட்டிய லிங்க்குக்கே கமிஷன் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அரை மணி நேரம் சேலையை உடுத்திக் காட்டியவருக்கு ஒன்றுமில்லை, கூப்பன் தளத்துக்குக் கமிஷன், நமக்குத் தள்ளுபடி நஷ்டம். அவர் அடுத்த வீடியோ போடுவாரா?

சந்தேகம் தீர்ப்பதற்குச் செலவு கிடையாது. அண்ணியிடம் போனில் கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நாலைந்து கேள்விதான். எத்தனை கஜம், ரவிக்கைத் துணி உண்டா, சாயம் போகுமா, கைத்தறிதானா, பிடிக்காவிட்டால் மாற்றித்தருவீர்களா. பதிலெல்லாம் பக்கத்தின் அடியில் எங்கேயோ பொடி எழுத்தில் கிடந்தது. நான் அங்கே காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாக மேலே போட்டு, ரவிக்கைத் துணி விஷயத்தைக் கீழே தள்ளியிருந்தேன். இப்போது ரவிக்கைத் துணி மேலே போய்விட்டது. என் ஓட்டு சந்தேகம் தீர்ப்பதற்கே.

செக்அவுட்டா, வாட்ஸ்அப்பா?

இங்கேதான் எனக்கும் அண்ணிக்கும் சண்டை. எனக்குச் செக்அவுட், அதாவது இணையக் கடையிலேயே முகவரி கொடுத்துப் பணம் கட்டி முடிப்பது. அவருக்கு வாட்ஸ்அப்தான் கடை. "பேசாம சேலை வாங்குற பொம்பளை உண்டா?" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தட்டினால் பக்கம் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கிறது. குரோமில் சேமித்து வைத்திருக்கும் முகவரி, கடவுச்சொல் பல நேரம் அங்கே வராது. அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். பாதியில் விடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அந்தத் தொல்லை இல்லை. முந்தானைப் படம் கேட்கலாம், வெயிலில் எடுத்த படம் கேட்கலாம், யுபிஐயில் பணம் அனுப்பிவிடலாம்.

ஆனால் இரவு பதினொரு மணிக்கு "ஹாய், விலை?" என்று வருவதற்கு யார் பதில் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல் கமிஷன் கணக்கு. செக்அவுட்டில் ஆர்டர் யார் வழியாக வந்தது என்பதைக் குக்கி, அதாவது லிங்க்கைத் தட்டும்போது உலாவியில் பதியும் சிறு குறிப்பு, சொல்லும். வாட்ஸ்அப்புக்குப் போனதும் அந்த நூல் அறுந்துவிடும்.

அதற்காகக் குக்கியையும் முழுசாக நம்ப வேண்டாம். இன்ஸ்டாகிராமுக்குள் பதிந்த குக்கி குரோமுக்குத் தெரியாது. இன்று பார்த்துவிட்டு நாளை வேறு வழியாக வந்து வாங்கினால், அழைத்து வந்தவர் பெயர் கணக்கில் இருக்காது. விற்றதையே நாம் விற்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கடைசியில் இரண்டையும் வைத்தோம். பக்கத்தில் செக்அவுட் பொத்தான் பெரிதாக, அதன் கீழே வாட்ஸ்அப் சிறிதாக. ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் தனி வாட்ஸ்அப் லிங்க். தட்டினால் சேலை எண்ணும் அவருடைய குறியீடும் முன்கூட்டியே எழுதிய செய்தியாகத் திறக்கும், அனுப்பினால் போதும். சிலர் குறியீட்டை அழித்துவிட்டு "அக்கா" என்று ஆரம்பிப்பார்கள். அண்ணி "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். சண்டையில் அவர்தான் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்டர் எண்ணிக்கை ஏறும், திரும்பி வரும் பொட்டலமும் ஏறும். வைப்பதென்றால், சேலை கைக்குப் போய், மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்த பிறகே கமிஷன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடையைத் திருத்துவதா, ஆளை மாற்றுவதா?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரே நாளில் படம், விலை, பொத்தான் எல்லாவற்றையும் மாற்றினேன். விற்பனை ஏறியது. மாற்றத்தாலா, தீபாவளியாலா? இன்றுவரை தெரியாது. அப்புறம்தான் ஒரு நேரத்தில் ஒன்று என்ற ஒழுங்குக்கு வந்தேன்.

வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று மொத்தமாகப் பார்ப்பதிலும் பிரயோஜனம் குறைவு. டெலிகிராமில் சலுகை விலைச் சேனல் அனுப்புகிறவர்கள் விலையை மட்டும் பார்ப்பார்கள். சேலை கட்டிக்காட்டும் பெண் அனுப்புகிறவர்கள் சேலையைப் பார்ப்பார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஒழுங்காக இருக்கும் பக்கத்தைப் போட்டு நோண்டிக்கொண்டிருப்போம். ஆள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஆனால் அவசரமும் வேண்டாம். 300 பேரில் ஒருவர் வாங்கினார், இன்னொருவர் அனுப்பிய 300 பேரில் மூவர் வாங்கினார்கள் என்பதை வைத்து முதல் ஆளை நிறுத்திவிடக் கூடாது. அவ்வளவு சின்ன எண்ணில் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

தெரிந்த டைல்ஸ் பட்டறைக்காரர் ஒருவர், தானும் இப்படி லிங்க் கொடுக்கலாமா என்று கேட்டார். விற்பனைக்குக் கமிஷன் என்று வைக்க வேண்டாம் என்றேன். கூடத்தின் அளவெடுத்து, மாதிரிக் கல் பார்த்து, மாதக் கணக்கில் யோசித்து வாங்கும் பொருளுக்கு எந்தக் குக்கி தாங்கும்? சதுர அடியோடு, வேலை எந்த மாதம் என்பதோடு வரும் விசாரிப்பு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பேசிக்கொள்ளச் சொன்னேன். "வேடிக்கை பாக்க வர்றவனும் சதுர அடி சொல்லுவானே" என்றார். அதனால் பட்டறை ஆள் போனில் பேசி உறுதி செய்த விசாரிப்புக்கு மட்டும் காசு என்று முடிவானது.