தூத்துக்குடி ஃப்ளைட் டிக்கெட் தேடுறவங்க உஷார், எனக்கு 31,200 ரூபாய் போச்சு

தங்கச்சி மகளுக்கு திருச்செந்தூர்ல காதுகுத்து, தாய்மாமன் நான், என் மடியில வெச்சுத்தான் காது குத்தணும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு ஃப்ளைட் பார்த்தேன். வாகைகுளத்துல இருக்கிற தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு 2025 ஜூலைல புது டெர்மினல் திறந்தாங்க, ரன்வேயும் 3,115 மீட்டருக்கு நீட்டியாச்சு, ஆனா விசேஷ நாள்ல சீட் கிடைக்கிறது இன்னும் குதிரைக்கொம்புதான், இந்தத் திருட்டுப்பயலுக பொழப்பே அதை வெச்சுத்தான் ஓடுது.

சோஷியல் மீடியாவுல விளம்பரம் பண்ற ஒரு டிக்கெட் புக்கிங் சைட். நாலு பேருக்கு போக வர 31,200. காசு யூபிஐல போன உடனே பிஎன்ஆர் வந்துச்சு. ஏர்லைன் சைட்லயே போட்டுப் பார்த்தேன், நாலு பேரு, அம்மாவோட இனிஷியல் வரைக்கும் கரெக்டா காட்டுச்சு, கன்ஃபர்ம்டுன்னு பச்சையா. இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தங்க செக் பண்றது?

சென்னை ஏர்போர்ட் கவுன்ட்டர்ல போய் நின்னா "சார் இது கேன்சல் ஆயிடுச்சே, ரீஃபண்டும் போயிடுச்சு"ங்கறாங்க. யாருக்கு? ஏஜென்ட் அக்கவுண்டுக்கு! புக்கிங்ல என் நம்பருக்குப் பதிலா அவன் நம்பரைக் குடுத்திருக்கான், கேன்சல் மெசேஜ் எல்லாம் அவனுக்கே போயிருக்கு. ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைனுக்குத்தான்னு விமானத் துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏவோட ரூல் இருக்கேன்னா, "நாங்க அனுப்பியாச்சு சார், அவங்ககிட்ட கேளுங்க"ன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. அந்த சைட்டுக்கு அடிச்சா மொதல்ல "ப்ராசஸ்ல இருக்கு", அப்புறம் "சீனியர் கூப்பிடுவாரு", அப்புறம் ரிங் போயிட்டே இருக்கு, சாட்ல பார்த்தா என் கம்ப்ளெயின்ட் "ரிசால்வ்ட்"னு மூடிட்டானுங்க. என்னடா ரிசால்வ் பண்ண, 31,200 எங்கடா?

அம்மாவை ஆம்னி பஸ்ல உட்கார வெச்சு ராத்திரி முழுக்க போனோம், போய் இறங்குறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சு பெரியப்பா பையன் மடியில வெச்சு குத்தியாச்சு. தங்கச்சி ஒண்ணும் சொல்லல, அழுத கண்ணோட காபி குடுத்தா. 31,200 திரும்பி வந்தாலும் அது வராது.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. பிஎன்ஆர் காட்டுதுன்னு விட்டுடாதீங்க, கிளம்புற வரைக்கும் தினம் பாருங்க. புக்கிங்ல உங்க மொபைல் நம்பர் இருக்கான்னு ஏர்லைனுக்கே போன் பண்ணி கேளுங்க. யூபிஐ மட்டும்தான்னா வெளிய வந்துடுங்க, கார்டுன்னா பேங்க்ல டிஸ்ப்யூட்டாவது போடலாம். ஏமாந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, நான் அடிச்சு புகார் பதிஞ்சாச்சு. அந்த விளம்பரம் இன்னிக்கு காலையிலயும் ஓடிட்டு இருக்கு, இப்ப மதுரை டிக்கெட்டுன்னு போட்டிருக்கான்.