ஒரே டொமைன், இரண்டு மெயில் சர்வர்: எதை முன்னால் நிறுத்துவது?

வண்ணார்பேட்டையில் ஆபீஸ், கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலை. முதலாளி அண்ணாச்சிக்கும் மேனேஜர்களுக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் கட்டண மெயில்), மற்றவர்களுக்கு வெப்சைட் ஹோஸ்டிங்கோடு வரும் சிபேனல் மெயில், ஆனால் எல்லோருக்கும் ஒரே டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) வேண்டும் என்பார்கள் இப்படிப்பட்ட கம்பெனிக்காரர்கள். கூகுளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டியிருக்க, கேட்பதில் நியாயம்தான்.

இரண்டு சர்வரையும் எம்எக்ஸில் (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவில்) போட்டால் போதாதா என்றால், போதாது. எம்எக்ஸுக்கு டொமைன்தான் தெரியும், ஆள் தெரியாது. அதில் முன்னுரிமை எண் குறைந்த சர்வருக்குத்தான் மெயில் முதலில் போகும். அங்கே அப்படி ஆளே இல்லை என்று 550 என்ற மறுப்புக் குறியீடு வந்தால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், அடுத்த சர்வரை எட்டிக்கூடப் பார்க்காது. முதல் சர்வர் படுத்துக்கிடந்தால்தான் இரண்டாவதற்கு வேலை.

சிபேனலை முன்னால் வைத்து, கூகுள் ஆட்களுக்கு ஃபார்வர்டர் (வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு) போடுவது சல்லிசான வழி. ஆனால் வருகிற ஸ்பேமையெல்லாம் உங்கள் ஹோஸ்டிங் சர்வரின் ஐபி முகவரிதான் அனுப்புவதாக கூகுள் எடுத்துக்கொள்ளும், ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட்டுகளுக்கு ஒரே சர்வர்) என்றால் அடுத்த சைட்டுக்காரன் செய்த வினையும் அதோடு சேரும், ஹோஸ்டிங் விழுந்த அன்று அண்ணாச்சிக்கும் மெயில் கிடையாது.

கூகுளை முன்னால் நிறுத்தி, அங்கே கணக்கு இல்லாத முகவரிகளை மட்டும் சிபேனலுக்குத் தள்ளிவிடுவது இதைவிட எவ்வளவோ மேல். ஸ்பேம் வாசலிலேயே நிற்கும். தொல்லை உள்ளே இருக்கிறது: சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் 'லோக்கல்' (இந்த டொமைனின் மெயில் இங்கேதான்) என்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூகுள் தள்ளும் மெயிலை அது வாங்காது, லோக்கல் என்று வைத்தாலோ, ஆலையிலிருந்து ஸ்டோர்கீப்பர் அண்ணாச்சிக்குப் போடும் மெயில் வெளியே போகாமல் அங்கேயே தேடிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வரும். வெப்சைட்டின் கான்டாக்ட் ஃபார்ம் கதையும் இதேதான். அதனால் கூகுளில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், கூகுளே தரும் மாற்று முகவரிக்கு (டொமைனுக்குப் பின்னால் .test-google-a.com என்று வருவது), சிபேனலில் ஒரு ஃபார்வர்டர் போட வேண்டும். இன்னொன்று, சிபேனலில் இல்லாத பெயருக்கு வருவதை மறுபடி கூகுளுக்கு அனுப்பாதீர்கள், இரண்டும் மாறி மாறித் தள்ளிக்கொண்டே கிடக்கும், மறுத்துவிடச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்தது சப்டொமைன், அதாவது டொமைனுக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்ப்பது. ஆலைக்குத் தனிப் பெயர், தனி எம்எக்ஸ், ஒன்றோடொன்று ஒட்டாது. விசிட்டிங் கார்டில் முகவரி நீளுகிறது என்று அண்ணாச்சிமார் ஒத்துக்கொள்வதில்லை, அதுதான் சங்கடம். ஒத்துக்கொள்ளாவிட்டால், கூகுள் முன்னால்.

ஒரே டொமைன் என்றால் எஸ்பிஎஃப் ரெக்கார்டும் (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) ஒன்றே ஒன்றுதான், இரண்டு சர்வரும் அதற்குள்ளேயே வர வேண்டும். ரெக்கார்டை இரண்டாகப் போட்டால் இரண்டுமே செல்லாது. அதில் டிஎன்எஸ் (டொமைன் பதிவேடு) தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. டிகேஐஎம் (அனுப்பும் மெயிலில் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து) மட்டும் சர்வருக்கொரு செலக்டராக (கையெழுத்துச் சாவியின் பெயராக) எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.