சீரியல் கன்சோலுக்கு மினிகாமா, பிகோகாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யுஎஸ்பி-சீரியல் கேபிளால் லினக்ஸ் போர்டைக் கணினியோடு மாட்டியாயிற்று. லாகின் வருகிறது, விஐ எடிட்டரைத் திறந்தால் திரை கலைகிறது. கேபிளைத் திட்டும் முன், அதன் வழியே போர்டோடு பேச உங்கள் கணினியில் ஓடும் மென்பொருளைப் பாருங்கள்: மினிகாமா, பிகோகாமா?

எங்கள் அலுவலகத் தமிழ் நண்பர்களில் பாதிப் பேர் மினிகாம் கட்சி. அது தானே விடி102 என்ற பழைய டெர்மினலாக (திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) நடிக்கும். வரும் எஸ்கேப் குறியீடுகளை (நிறம், கர்சர் இடம் சொல்லும் கட்டளைகள்) படித்து, உங்கள் டெர்மினல் ஜன்னலுக்கு ஏற்ப மாற்றி எழுதும். நடுவில் துபாஷி இருந்தால் நிறமும் ஃபங்ஷன் கீகளும் சில சமயம் பிசகத்தானே செய்யும்? நீள வரி ஓரத்தில் வெட்டுப்பட்டால் கன்ட்ரோல்-ஏ, அப்புறம் டபிள்யூ தட்டுங்கள்; வரி மடங்கி வரும். பெரிய தொல்லை வேறு: ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் (எதிர்முனை தயாரா என்று தனிக் கம்பியில் பார்த்து அனுப்பும் முறை) இயல்பாகவே ஆனில் இருக்கும். அந்தத் தனிக் கம்பி இல்லாமல் மூன்றே கம்பி மாட்டிய போர்டில் எழுத்து வரும், நாம் தட்டுவது போகாது.

பிகோகாம் வந்த பைட்டை அப்படியே ஜன்னலிடம் தள்ளிவிடும். ஃப்ளோ கன்ட்ரோலும் இயல்பில் இல்லை. மோடத்தில் அழைக்க எண்களைச் சேமிக்கும் டயலிங் டைரக்டரி கிடையாது. இப்போது யாருக்கு வேண்டும் அது? என் ஓட்டு இதற்கே.

ஜன்னல் அளவு மட்டும் இரண்டிலுமே எதிர்முனைக்குத் தெரியாது. சீரியல் கம்பியில் அதற்கு வழியில்லை. நிரல்கள் 80 எழுத்து அகலம், 24 வரி என்றே எண்ணிக்கொள்ளும். லாகின் ஆனதும் 'எஸ்டிடிஒய் ரோஸ் 50 கால்ஸ் 160' என்று உங்கள் அளவைச் சொல்லிவிடுங்கள். டெர்மினல் வகையை நிரல்களுக்குச் சொல்லும் டெர்ம் மாறியைப் போர்டில் மினிகாமுக்கு விடி102 என்றும், பிகோகாமுக்கு ஜன்னலின் சொந்த வகை என்றும் வையுங்கள்.